ஏழு ஆண் செடிகள்

"பதினொரு மணிக்குக் காத்து கிளம்பிரும், மார்லிஸ். அதுக்குள்ள ஆறு செடி போயாகணும். ஒண்ணுதான் வச்சுக்குவேன்னு நீயே சொல்லியிருக்கே."

பக்கத்து நிலத்துக்காரன் வெர்னன் கையுறையும் கத்தரியுமாகக் கொட்டகை வாசலில் நின்றான். ஹம்போல்ட் மலைச்சரிவில் அவனுடைய கஞ்சா வயல் கீழே இருந்தது. முழுக்கப் பெண் செடிகள். மார்லிஸின் ஆண் செடிகளில் ஒரு மொட்டு வெடித்தாலும் மகரந்தம் அங்கேதான் இறங்கும். விதை கட்டிய பூவை வாங்க ஆள் வராது.

"தெரியும். கத்தாம நில்லு."

"நான் எங்க கத்தினேன்? எம் பொண்டாட்டிதான் கத்துவா, சாயங்காலம்."

மார்லிஸ் சிரிக்கவில்லை. பம்பளிமாஸ் தோலும் பெட்ரோலும் கலந்து மணக்கும் அவளுடைய தாய்ச்செடி, பதியன்களோடு வேரழுகிச் செத்துவிட்டது. ஒன்பது வருஷ வேலை. அந்த மணம் அதன் விதையில் முளைத்த இந்த ஏழு பிள்ளைகளில் எதிலாவது தங்கியிருந்தால் உண்டு. ஆண் செடியில் தண்டைத் தேய்த்து விரலை முகர்ந்துதான் பார்க்க வேண்டும்.

முதலாவது பச்சைப் புல். இரண்டாவது மிளகு. மூன்றாவதில் ஒன்றுமில்லை.

"வெட்டு."

மூன்றும் சாய்ந்தன. விரலில் பிசின் அப்பியிருந்தது. அலமாரியிலிருந்த களிம்பால் தேய்த்துக் கழுவிவிட்டு நான்காவதைத் தொட்டாள். பம்பளிமாஸ்.

"இதுதான்! மத்ததை வெட்டிரு."

வெர்னன் ஐந்தாவதைப் பிடித்தான். பழக்கத்தில் அதையும் தேய்த்தாள். பம்பளிமாஸ். ஆறாவதும் அதே. செடியைத் தொடாத மறு கையை முகர்ந்தாள். அதிலும் பம்பளிமாஸ்.

"நிறுத்து. என் கையை மோந்து பாரு."

"ஆரஞ்சுத் தோல் எண்ணெய்க் களிம்பு. இதைப் போட்டா கழுவினே? செடியில இருக்கிற அதே சரக்குதானே அது? பச்சப்புள்ள கூடச் செய்யாது."

"என் மூக்கு இனி ஒரு மணி நேரத்துக்கு ஆகாது. கையுறையைக் கழட்டு. நீ தேய்."

"நானா? நான் பொய் சொன்னா?"

"சொன்னா சொல்லு. வேற யாரு இருக்கா இங்க?"

மேலே ஊசியிலை மரங்களின் உச்சி அசைந்தது. வெர்னன் நான்காவதைத் தேய்த்தான். "பழைய கயிறு." ஐந்து. "மண்ணு." இரண்டையும் அவனே வெட்டினான். ஆறாவதை முகர்ந்தான், ஏழாவதை முகர்ந்தான், மறுபடி ஆறாவதை.

"ரெண்டுலயும் இருக்கு. ஆறுல பெட்ரோல் தூக்கல்."

"நிச்சயமா?"

"எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அதில் அவசரம் மட்டும்தான் தெரிந்தது. கத்தரியை வாங்கி ஏழாவதை அடியோடு வெட்டினாள்; ஆறாவதைத் தொட்டியோடு தூக்கிக் காற்றுப் புகாத கண்ணாடி அறைக்குள் வைத்துக் கதவை இறுகச் சாத்தினாள்.

"தப்பா இருந்தா?" என்றான் வெர்னன்.

"இதோட பொண்ணுங்க பூக்கட்டும், அப்போ மணமே சொல்லிடும். அடுத்த வருஷம் வந்து திட்டறேன்."