இரண்டு பெடல் வண்டி

ஜோஷுவாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் காரைப் பற்றி அவனிடம் வாய் கொடுத்து மீண்டவர் கல்லிடைக்குறிச்சியில் யாரும் கிடையாது. சனிக்கிழமை வந்தால் போதும், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பானெட்டைத் தூக்கிவிடுவான். தண்ணீர் பார்ப்பான். பெல்ட்டை அமுக்கிப் பார்ப்பான். ஆயில் குச்சிகளை உருவித் துடைத்து, மறுபடி முக்கி எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்ப்பான். ஒரு குச்சி எஞ்சினுக்கு, இன்னொன்று கியர்பாக்ஸுக்கு. “எஞ்சினை அணைச்சு ஆற விட்டுத்தான் பாக்கணும்” என்று அவன் ஆபீஸ் ஜீப் டிரைவர் சொல்லிக் கொடுத்திருந்தார். இந்தப் பக்கத்தில் எந்த வண்டிக்கும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

கார் அவன் மனைவி ரீபாவுடையது. ரீபா ஆழ்வார்குறிச்சியில் கணக்கு டீச்சர். குழந்தையில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிவிட்டது. கம்பிச் சட்டம் மாட்டித்தான் நடப்பாள். கல்யாணமான புதிதில் பஸ் வந்ததும் ஜோஷுவா அவளை இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் படியில் ஏற்றுவான். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். கண்டக்டர் நல்ல மனுஷன்தான், “பைய, பைய” என்பார். அந்தப் ‘பைய’வைக் கேட்டாலே அவளுக்கு உடம்பு கூசும்.

அப்புறம்தான் சிங்கப்பூர் சித்தப்பா, கப்பலில் வந்த தன் பழைய ஜப்பான் காரை அவள் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். கிளட்ச் கிடையாது. கியர் தானாக மாறும். இரண்டே பெடல், வலது கால் போதும். அன்றிலிருந்து அவளை யாரும் தூக்கவில்லை.

தொண்ணூற்றேழில், பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதம், ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் கார் முதல்முறையாக மக்கர் செய்தது. எஞ்சின் கத்துகிறது, சக்கரம் உருளவில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அமுக்கியே மானத்தை வாங்கிவிட்டான்.

தாணுமாலையன் அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டார்கள். லாரியோ, ஜீப்போ, அம்பாசிடரோ கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிறவர் அவர். பிளக்கை மாற்றினார். கார்புரேட்டரைக் கழுவினார். எஞ்சின் குயில் மாதிரி பாடியது. கார் மட்டும் நகரவில்லை.

“கியர்பாக்ஸ்ல ஆயிலு பாத்தீராவே?” என்றார்.

“என்ன அண்ணாச்சி இப்படிக் கேட்டுட்டிய! காலைலகூடப் பாத்தேன். கோடு வரைக்கும் நிக்கி” என்றான் ஜோஷுவா. அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

ஸ்டியரிங்கில் ரீபா இருந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்கச் சொல்லக்கூடப் பொறுமையில்லாமல் அண்ணாச்சி அந்தக் குச்சியை உருவினார். நுனியில் ஒரு சொட்டு. அதுவும் கருப்பட்டிக் காப்பி நிறத்தில், தீய்ந்த வாடையோடு.

“இதுல ஆயிலே இல்லியேவே.”

“அப்படி இருக்காதே! ரீபா, எஞ்சினை ஆஃப் பண்ணு” என்றான் ஜோஷுவா.

கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் பார்த்தார்கள். கோடு வரைக்கும் ஆயில் நின்றது. ஜோஷுவா ஜெயித்த மாதிரி நிமிர்ந்தான். அண்ணாச்சி மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பார்த்தார். குச்சி காய்ந்து வந்தது.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“எஞ்சினு ஓடும்போது ஆயிலெல்லாம் உள்ள ஏறிருது போல” என்றார் அண்ணாச்சி, குரலைத் தாழ்த்தி. “நின்னா கீழ எறங்கி நெறஞ்சாப்ல காட்டுது. இத ஓடும்போதுல்லா பாத்திருக்கணும். ஒழுகி ஒழுகிக் கொறஞ்சது நமக்குத் தெரியல. நானா இருந்தாலும் உம்ம மாதிரித்தாம்வே பாத்திருப்பேன்.”

அந்த ஆறுதல் ஜோஷுவாவின் காதில் ஏறவில்லை. சனிக்கிழமை தவறாமல் துடைத்துத் துடைத்துப் பார்த்த குச்சி. எத்தனை சனிக்கிழமை!

திருநெல்வேலிக்கு ஓடி, இந்த மாதிரி வண்டிக்கென்றே உள்ள சிவப்பு ஆயிலைத் தேடி வாங்கி வந்தான். அண்ணாச்சி அடித்தட்டைக் கழற்றிப் பழையதை வடித்தார். தட்டில் தங்கியதை விரலால் தொட்டுக் காட்டினார். கருகின தூள். எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் பிளேட்டுகள், ஆயில் பற்றாமல் தேய்ந்து வந்த தூள்.

அவர் புது ஆயில் ஊற்றியதும் ரீபா முன் கியருக்குத் தள்ளினாள். எஞ்சின் கத்தியது, அவ்வளவுதான். ரிவர்ஸ் போட்டாள். கார் சாதுவாகப் பின்னால் நகர்ந்தது.

“முன்ன போற பிளேட்டு எரிஞ்சிட்டு. பின்ன போறது தப்பிச்சிருக்கு” என்றார் அண்ணாச்சி. “இதப் பிரிச்சா எனக்குத் திருப்பிப் பூட்டத் தெரியாதுவே. சாமானும் இங்கன கிடைக்காது.” திடீரென்று முகம் மலர்ந்தது. “ஒண்ணு செய்யலாம்! இதத் தூக்கிப் போட்டுட்டு சாதா கியர்பாக்ஸ ஏத்திருவோம். ஒரு கிளட்ச் பெடல வச்சிட்டா வண்டி ஜம்முனு...”

திறந்திருந்த கதவு வழியாக ரீபாவின் இடது காலும் அந்தக் கம்பிச் சட்டமும் தெரிந்தன. அவர் பேச்சை நிறுத்திவிட்டு, துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

“வீட்டுக்குப் போவோம்” என்றாள் ரீபா.

வீடு இரண்டு தெரு தள்ளி. ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு போனாள். ஜோஷுவா காருக்குப் பின்னால் நின்று, அவளைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து, ஆட்டை விரட்டி, அப்பளம் காயும் பாயை ஒதுக்கச் சொல்லி வழி காட்டினான். அவள் கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாக நேரே அவன் முகத்தையே பார்த்து ஓட்டினாள். அவன் வேறு பக்கம் பார்க்கலாம் என்றால், வழி காட்ட ஆளில்லாமல் கார் சுவரில் முட்டிவிடும். அந்த இரண்டு தெருவும் அவனுக்கு முடியவே இல்லை.

வாசலில் எஞ்சினை அணைத்தாள். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“நாந்தான் ரீபா. வாரா வாரம் நாந்தான பாத்தேன்.”

“தெரியும். கேட்டுக்கிட்டுதான இருந்தேன்.”

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அவள் திட்டவில்லை. சாவியை உருவி அவன் கையில் வைத்தாள்.

“திங்கக்கிழமை ஆபீசுக்குப் பிந்தி வருவேன்னு சொல்லி வையுங்க.”

“எதுக்கு?”

“பஸ்ல என்னையத் தூக்கி விடணும்லா.”