செத்தவனுக்கு இன்னொரு ஷொட்

றஜீவனுக்குக் கால் ஒருநாளும் சும்மா இராது. இருந்தால் முழங்கால் ஆடும், நின்றால் குதிக்கால் தரையைத் தட்டும். அந்த ஆட்டத்தோடுதான் அவன் ஆங்கிலத் தொலைக்காட்சியில் இருபது வருடங்களைத் தள்ளியிருந்தான். நீங்களும் அவனைப் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திராது. மினிகப் என்ற வாடகைக் காரை ஓட்டிவந்து, "எங்கே போகவேண்டும்?" என்று கேட்டவன் அவன். ஆஸ்பத்திரி நாடகத்தில் சத்திரசிகிச்சை அறையிலிருந்து வெளியே வந்து, "இயன்றதெல்லாம் செய்தோம்" என்று தலையைக் குனிந்தவனும் அவன்தான். ஒரு பெரிய சினிமாவில் கடைக்காரனாக நின்று கையை உயர்த்தினான். படம் வந்தபோது கை மட்டும் தெரிந்தது.

ஆனாலும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். சாப்பாடு பிந்தினாலும் கேட்கமாட்டான், மழையில் நிற்கவிட்டாலும் கேட்கமாட்டான். "றஜீவனால் ஒரு தொல்லையும் இல்லை" என்பதுதான் அவனுடைய ஏஜென்ட் அவனைப் பற்றி எல்லோரிடமும் சொல்லும் முதல் வார்த்தை. அந்தப் பெயர் போய்விட்டால் தானும் போய்விடுவேன் என்று அவன் நம்பியிருந்தான்.

இந்த வருடம் முதன்முறையாகப் பெரிய வேடம் கிடைத்தது. துப்பறியும் தொடர் ஒன்றில் கொலையுண்ட தமிழ்த் தகப்பன். முதல் வாரமே செத்துப்போவான், பிறகு மற்றவர்களின் நினைவில் வந்து வந்து பேசுவான். இயக்குநரின் அடுத்த படத்திலும் அவனுக்கு ஓர் இடம் உண்டென்று பேச்சு அடிபட்டது.

செத்தவீட்டுக் காட்சிக்குத் தமிழ்ப் பெண்கள் தேவைப்பட்டார்கள். இங்கேதான் பாருங்கள் பிள்ளைகளே, அவன் ஒரு பிழை விட்டான். கிங்ஸ்பரியில் தன்னோடு இருக்கும் அம்மா வசந்தமலரையும் பக்கத்துவீட்டுச் சுவர்ணாவையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அம்மாவுக்கு ஷூட்டிங் பார்க்க எவ்வளவோ நாளாக ஆசை. செத்தது யார் என்று அவள் கேட்டதற்கு, "ஆரோ ஒரு ஆள்" என்று மழுப்பினான்.

மிச்சம் என்ற ஊரில் ஒரு சமூக மண்டபத்தைச் செத்தவீடாகச் சோடித்திருந்தார்கள். வேட்டி கட்டி, திருநீறு பூசி, மாலையோடு திறந்த பெட்டிக்குள் கிடந்தான் றஜீவன். கமெரா மேலிருந்து அவன் முகத்தை நோக்கி மெல்ல இறங்கும், ஒரே நீள ஷொட். மூச்சுக்கூடத் தெரியக்கூடாது. கால் பெருவிரல் துடித்தது. மற்றக் காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டான்.

பெண்கள் வரிசையாக வந்தார்கள். முன்னால் வந்த சுவர்ணா எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ அக்கா, இது உங்கட பெடியன் எல்லோ!"

வசந்தமலர் வந்தாள். அழவில்லை. அவன் கன்னத்தில் கையை வைத்தாள்.

"எழும்படா."

அவன் அசையவில்லை. கமெரா ஓடிக்கொண்டிருந்தது.

"றஜீவன், எழும்பு எண்டெல்லோ சொல்லுறன்!"

"கட்!" என்றார் இயக்குநர். அவர் கண்கள் கலங்கியிருந்தன. இப்படி நடிக்கத் தெரிந்த தாயை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டுவிட்டு, எதற்கும் இன்னொரு முறை எடுத்துவிடுவோம் என்றார்.

றஜீவன் எழுந்து உட்கார்ந்ததும் வசந்தமலர் அவன் கழுத்து மாலையைக் கழற்றி எறிந்தாள்.

"ஆரோ ஒரு ஆளோ? ஆரோ ஒரு ஆளைத்தானோ நான் பெத்தனான்?"

"நடிப்புத்தானே அம்மா."

"சென்னையிலை படமெடுக்கிறவை, செத்தவனா நடிச்ச ஆளைக் கடைசியாச் சிரிக்கவைச்சு ஒரு ஷொட் எடுப்பினம். டிவியிலை எத்தினை பேர் சொல்லிக் கேட்டனான். நீயும் சிரிச்சிட்டு வா."

"அது அங்கையம்மா. இஞ்சை அப்பிடியில்லை."

"ஏன், இஞ்சை யமனுக்கு லீவோ?"

"அக்கா சொல்லுறது சரி தம்பி," என்றாள் சுவர்ணா. "எனக்கே நெஞ்சு பதறுது."

"நீங்கள் சும்மா இருங்கோ அன்ரி."

வசந்தமலரின் குரல் இறங்கியது. "உன்ரை அப்பாவையும் இப்பிடித்தான் பெட்டிக்குள்ளை பாத்தனான். இதையே கடைசியாப் பாத்திட்டு வீட்டை போய் நான் எப்பிடிக் கண்மூடுறது?"

அவன் மண்டபத்தின் நீளத்துக்கு நடந்தான், திரும்பினான், மறுபடியும் நடந்தான். பிறகு உதவி இயக்குநர் ஹெலனிடம் போய் விஷயத்தைச் சொன்னான். அவள் மணிக்கூட்டைக் காட்டினாள். மண்டபத்தை ஒப்படைக்கவேண்டும், நேரமே இல்லை. "பரவாயில்லை, பரவாயில்லை" என்றான் றஜீவன், பழக்கதோஷத்தில். புதுமாலை ஒன்று கழுத்தில் விழுந்தது.

பெட்டிக்குள் ஒரு காலை வைத்தான். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். அவன் காலை வெளியே எடுத்தான்.

"இதற்குப் பிறகு நான் சிரிப்பதை எடுப்பீர்களென்றால்தான் படுப்பேன்."

இயக்குநர் கிட்ட வந்தார். முன்பிருந்த கனிவு அவர் முகத்தில் இல்லை. "உன்னால் தொல்லை இல்லை என்றார்களே" என்றார்.

"இண்டைக்கு இருக்கு" என்று றஜீவனின் வாயில் தமிழில்தான் வந்தது. அவருக்கு அது விளங்கியிருக்கவேண்டும். தலையை ஒருமுறை ஆட்டினார்.

அவன் படுத்தான். ஷொட் முடிந்தது. விளக்குக்காரர் ஒரு விளக்கை அணைக்கப் போக, வசந்தமலர் "வெயிட்!" என்று கையை நீட்டி மறித்தாள். கமெரா மறுபடி ஓடியது.

றஜீவனுக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை பேராக நடித்தவன்! உதடு விரிந்தது, பல் தெரிந்தது, அவ்வளவுதான்.

"இதென்னடா, பல்லு டொக்டரிட்டை வந்தவன் மாதிரி?" என்றாள் வசந்தமலர்.

"பொம்பிளை பாக்கப் போன அண்டைக்கும் இப்பிடித்தான் இளிச்சவர்," என்றாள் சுவர்ணா. "அதாலைதான் அவையள் ஓமெண்டு சொல்லேல்லை."

"அன்ரி!" என்றவன் வெடித்துச் சிரித்துவிட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாலை நழுவ, பெட்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு சிரித்தான். இயக்குநர் "கட்" சொல்லிவிட்டுக் கைகொடுக்காமல் போய்விட்டார்.

திரும்பி வரும் வழியில் ஹாங்கர் லேன் சந்தியில் கார்கள் நெருக்கியடித்து நின்றன. போனை இரண்டு தரம் எடுத்துப் பார்த்தான் றஜீவன். ஏஜென்டிடமிருந்து ஒன்றும் இல்லை.

"இனி என்னைக் கூப்பிடமாட்டினம் அம்மா."

"கூப்பிடாமல் எங்கை போறது? எவ்வளவு வடிவாச் செத்..."

வசந்தமலர் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்சீட்டில் சுவர்ணா "சிவ சிவா!" என்றாள்.

"திரும்பிப் போவமோ?" என்றான் றஜீவன். "இன்னொரு ஷொட் கேப்பம்."

"மூடிக்கொண்டு ரோட்டைப் பார்" என்றாள் அம்மா.