கேட்பது அழகு

ஆட்சி மாறியதும் குடிமையியல் புத்தகத்தின் ஆறாம் பாடத்தில் ஒரு சொல் குறைந்தது. புதிதாக அச்சடிக்க நேரமில்லையாம். 'கேள்வி' என்ற சொல்லை மட்டும் கறுப்பு மையால் அடித்துவிடும்படி சுற்றறிக்கை வந்திருந்தது. 'கேள்வி கேட்பது நல்ல குடிமக்களுக்கு அழகு' என்றிருந்த வரி, 'கேட்பது நல்ல குடிமக்களுக்கு அழகு' என்று ஆயிற்று.

"சொன்னதைக் கேக்கணும்னு அர்த்தம் வரணுமாம்," என்றார் டீச்சர், மைப்புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே. "அடிங்க. கையில பூசிக்காதீங்க."

கடைசி பெஞ்சில் இருந்தவளுக்கு வகுப்பு வைத்த பெயர் முணுமுணு. அவள் பேசினால் பக்கத்தில் இருப்பவளுக்கே பாதிதான் எட்டும். அவளும் சொல்லை ஒழுங்காக அடித்தாள். மனம் மட்டும் கழிப்பறைப் பூட்டிலேயே கிடந்தது.

பெண்பிள்ளைகளின் கழிப்பறை நிறைய, முந்தைய ஆட்சியில் அச்சாகி இப்போது விலக்கப்பட்ட புத்தகக் கட்டுகள். எரிப்பதா, எடைக்குப் போடுவதா என்று மேலிடம் சொல்லும்வரை சாவி தலைமையாசிரியரின் மேசைக்குள். அதனால் முணுமுணு பள்ளியில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. போன வாரம் வெயிலில் வரிசையில் நின்றவள் பொத்தென்று மயங்கி விழுந்தாள்.

"இன்னொரு தடவ விழுந்தேன்னு சேதி வந்துச்சு, படிப்புக்கு ஒரு பெரிய கும்பிடு," என்றாள் அம்மா. தையல் மெஷினிலிருந்து தலை தூக்காமல் சொன்னால் அது தீர்ப்பு.

"டீச்சர்கிட்ட சொல்றேம்மா."

"நீயா? கல்லுல நார் உரிச்சாலும் உரிச்சிடலாம், உன் வாயிலருந்து வார்த்தை வராது."

இரண்டு நாள் கழித்து, அடித்தது சரியாக அடிபட்டிருக்கிறதா என்று பார்க்கக் கல்வி அதிகாரி தலைமையாசிரியரோடு வகுப்புக்கு வந்தார். ஒரு புத்தகத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சொல் தெரியவில்லை. திருப்தி.

"நல்ல குடிமக்களுக்கு எது அழகு? கடைசி பெஞ்ச், நீ சொல்லும்மா."

முணுமுணு எழுந்து நின்றாள். "கேட்பது, சார்."

"சபாஷ்! எப்படின்னு ஒரு உதாரணம் சொல்லு பாப்போம்."

அவள் மனத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது வாய்க்கு வந்துவிட்டது.

"பாத்ரூம் சாவியக் கேக்கறது, சார்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தலைமையாசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. "ஏய், உக்காரு!" என்றார்.

அப்போது டீச்சர் குறுக்கே வந்தார். சிரித்துச் சமாளித்திருக்கலாம், இடமாற்றப் பட்டியல் வரப்போகிற மாதம் வேறு. "பதில் சரிதான் சார். புத்தகத்துல இருக்கிற வரிதான்," என்று தொடங்கி, பூட்டையும் கட்டுகளையும் மயக்கத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"ஆமா சார், இவ தண்ணியே குடிக்கிறதில்ல!" என்று பக்கத்துப் பெண்ணும் எழுந்துவிட்டாள்.

அதிகாரி அந்த வரியை மறுபடி படித்தார். உதடு கோணிச் சிரிப்பு எட்டிப்பார்த்தது. "அடிக்கச் சொன்னதும் நாங்கதானே," என்று தலையைச் சொறிந்தார். "அந்தப் புத்தகக் கட்டுங்களையெல்லாம் என் ஜீப்புல ஏத்துங்க. உத்தரவு வர்றப்ப வரட்டும்."

மதியம் முணுமுணு குழாயடியில் நின்று, வயிறு குளிர ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள். அந்த வழியாக வந்த டீச்சரிடம் ஏதோ முணுமுணுத்தாள்.

"என்ன? கேக்கல."

"நன்றி, டீச்சர்!"

குழாயடியே திரும்பிப் பார்த்தது.

"அடேயப்பா, கேட்டுச்சு, கேட்டுச்சு," என்று டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சாயங்காலம் கதை முழுவதையும் அம்மா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். ஊசியில் பாதி தைத்த சட்டை தொங்கியது.

"அந்த டீச்சர் நல்லா இருக்கணும்," என்றாள். பிறகு அலமாரியைத் துழாவி ஒரு பெரிய பாட்டிலை எடுத்தாள். "நாளைக்கு இது நிறையத் தண்ணி கொண்டு போ."