முதல் அங்கத்துக்கு இரண்டு ஷில்லிங்

ரொட்டிக்கு ஆறு பென்னி, பாலுக்கு ஒரு பென்னி என்று அம்புரோஸ் சொல்லச் சொல்ல, அவர் மனைவி டாம்சின் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். தலையணையிலிருந்து தலையைத் தூக்கத் தெம்பில்லாத மனிதர், கணக்கில் மட்டும் ஒரு காசு பிசகவிடவில்லை.

“இன்னும் ஒண்ணு எழுது. நாடகம், ரெண்டு ஷில்லிங்.”

புத்தகத்தில் மாதாமாதம் வரும் வரிதான் அது. காலுறைக் கடையைப் பூட்டிவிட்டு இருவரும் ஓடினால், கோவென்ட் கார்டன் நாடகக் கொட்டகையில் மூன்றாம் அங்கம் முடிந்திருக்கும். அதற்குமேல் பாதி விலை, ஆளுக்கு ஒரு ஷில்லிங். இந்த நிலைமையில் இரண்டு பேர் எப்படிப் போவது என்று டாம்சின் கேட்டாள்.

“நீ மட்டும் போ. முழு விலை. திரை தூக்கும்போதே உள்ள இருக்கணும்.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. இன்றைக்கு அந்த வியாபாரி நாடகம். மகளை வீட்டைவிட்டுத் துரத்திய அப்பன் கடைசியில் அழுது புலம்புவதை இருவரும் எத்தனையோ முறை பார்த்தாயிற்று. ஏன் துரத்தினான் என்றுதான் தெரியாது. எவனையோ காதலித்திருப்பாள் என்பது டாம்சின் கட்சி. அண்ணன் செய்த திருட்டைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருப்பாள் என்பது அம்புரோஸ் கட்சி. பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டிருக்கலாம். கேட்டால் தோற்ற மாதிரி என்று இருவருக்கும் வீம்பு.

பைபிள் சங்கீதப் புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்த கெசையா எழுந்து வந்தாள். அம்புரோஸுக்கு அக்கா. நாடகக் கொட்டகை இருக்கும் தெருவைக்கூட மிதிக்காதவள்.

“புருஷன் இழுத்துக்கிட்டுக் கிடக்கான், நீ கூத்துப் பாக்கப் போறியா? அந்த வரிய அடிச்சுட்டு உக்காரு.”

“என் புத்தகத்துல அடித்தல் திருத்தல் கிடையாதுக்கா,” என்றார் அம்புரோஸ். “எழுதின செலவு நடந்தாகணும்.”

வசமாக மடக்கிவிட்டாரே என்று டாம்சினுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நல்ல தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

கொட்டகை வாசலில் இரண்டு ஷில்லிங்கையும் சத்தம் கேட்கும்படி வைத்தாள். மாடத்தில் ஆரஞ்சுப் பழம் விற்கிறவள் அவளைப் பார்த்து, வீட்டில் கடியாரம் கெட்டுப்போய்விட்டதா என்று கிண்டலடித்தாள். இன்றைக்கு முழு விலை என்று டாம்சின் நான்கு பேர் திரும்பிப் பார்க்கும்படி பதில் சொன்னாள்.

திரை எழுந்தது. அப்பனின் பணப்பெட்டி காலியாகக் கிடந்தது. அண்ணன் நடுங்கினான். பெண் ஒரு கணம் அவனைப் பார்த்துவிட்டு, நான்தான் எடுத்தேன் என்றாள்.

டாம்சினுக்குப் பெருமை தாங்கவில்லை. ஊருக்குக் காலுறை விற்கிற மனிதர், கடைசியை மட்டும் பார்த்தே ஆரம்பத்தைக் கண்டுபிடித்துவிட்டாரே. பக்கத்தில் இருந்தவனைப் பிடித்துச் சொல்லிவிடலாம் போல இருந்தது. முதல் அங்கம் முடிந்த உடனே கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு வெளியேறி, தெருச் சேற்றில் பாவாடை நனைய ஓடினாள்.

வீட்டில் ஜன்னல் திறந்திருந்தது. சாவு வீட்டு வழக்கப்படி முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணியால் மூடியிருந்தார்கள்.

“வந்துட்டியா, மகராசி,” என்றாள் கெசையா. ஆனால் குரலில் காரம் இல்லை. “இப்பத்தான் போனான். திரை தூக்கியிருப்பாங்களான்னு கேட்டான். தூக்கியிருப்பாங்கடான்னு சொன்னேன்.”

டாம்சின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். சூடு இன்னும் இருந்தது. கொஞ்சம் முன்னால் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் பாதியில் வந்திருந்தால் அவர் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்.

“நீங்க சொன்னதுதாங்க சரி,” என்றாள்.

பிறகு முதலிலிருந்து சொன்னாள். அப்பனின் அதட்டலை அப்பன் குரலில், மகளின் பொய்யை மகள் குரலில், ஒன்றும் விடாமல். கெசையா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் ஒரு மூட்டையோடு மழையில் இறங்கினாள், கதவு சாத்தப்பட்டது. முதல் அங்கம் அத்தோடு முடிந்தது.

கெசையா சால்வை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்புறம்? அந்தப் பொண்ண திரும்பச் சேத்துக்கிட்டானா, இல்லையா?”

டாம்சின் எழுந்து, மூலையிலிருந்த கெசையாவின் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.