பதினேழாம் தட்டில் வளர்ந்தது

கற்கள் வந்து சேர்ந்தன, தம்பி வரவில்லை.

உறைபனி மலைப் பாறைகளுக்குள் வாழும் பூஞ்சைகளை ஆராய்பவள் அவள். ஈரமே இல்லாத அந்தக் குளிரில் ஓர் உயிர் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று தெரிந்தால், செவ்வாயில் எதைத் தேடுவது என்பதும் பிடிபடும். முழங்கால் பழுதானதால் அவளால் மலையேற முடியாது. வழிகாட்டி வேலை பார்த்த தம்பியை அனுப்பினாள்.

"உன் பாசி பிடிச்ச கல்லுக்கு நான் சுமைகூலியா?"

"பாசி இல்லடா, பூஞ்சை. கையுறையக் கழட்டாம எடு."

இறங்கும் வழியில் பனிச்சரிவு. உடன் போனவர்களால் பையை மட்டுமே மீட்க முடிந்தது.

அம்மா அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கற்களைப் பொடித்து நாற்பது கண்ணாடித் தட்டுகளில் தூவினாள். மூன்று மாதம் ஒன்றும் முளைக்கவில்லை. பிறகு பதினேழாம் தட்டில் குண்டூசித் தலையளவு இளஞ்சிவப்புப் புள்ளி. உடனே வீட்டுக்குத் தொலைபேசினாள்.

"அம்மா, அவன் கொண்டுவந்ததுல ஒண்ணு உயிரோட இருக்கும்மா."

"பத்திரமாப் பாத்துக்கோ" என்றாள் அம்மா.

இரண்டு வாரத்தில் மரபணுச் சோதனை முடிவு வந்தது. ஆய்வகத் தலைவர் தாளை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கல்லோடது இல்லம்மா. மனுஷத் தோல்ல சாதாரணமா இருக்கிற ஈஸ்ட். எடுத்தவர் கையுறையக் கழட்டியிருப்பார்."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சார்!" என்று சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் காத்திருந்தார். "இங்க நம்மள்ல ஒருத்தர் கையாவும் இருக்கலாம். யாரோடதுன்னு சொல்ல முடியாது. மத்த தட்டுக்குப் பரவுறதுக்குள்ள அழிச்சிடணும்."

"ஒரு நாள் குடுங்க சார்."

மறுநாள் காலை அம்மாவை அழைத்து வந்தாள். அது கல்லில் இருந்ததல்ல, கையிலிருந்து ஒட்டியது, அழிக்க வேண்டும் என்று வழியிலேயே சொல்லியிருந்தாள். அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தட்டின் மேல் குனிந்தாள்.

"தொடலாமா?"

"கூடாதும்மா."

"அவன் கையில இருந்ததா?"

யாருடையது என்று சொல்ல முடியாது எனத் தலைவர் சொன்னது நாக்கு நுனிவரை வந்தது.

"ஆமாம்மா" என்றாள்.

அம்மா மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு தானாகவே கையை எடுத்து, "கொண்டு போ" என்றாள்.

கொதிநீராவிக் கலத்தில் தட்டை வைத்து மூடினாள். இருபது நிமிடம். அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். தம்பி போன பிறகு அன்றுதான் அவளைத் தொட்டாள்.

அன்று மாலை பதிவேட்டில் எழுதினாள்: நாற்பது தட்டுகள். பாறை உயிர் எதிலும் இல்லை.