கடைசி நிமிஷத்து கோல்

"ரெண்டுக்கு ஒண்ணுல நாம தோத்துக்கிட்டு இருந்தோம்" என்று விசில் மாமா ஆரம்பித்தபோது, அவள் அப்பாவின் உதடுகளை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். துணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அவரை ஒருமுறை முறைத்தாள். அவர் கண்டுகொள்ளவில்லை.

அந்த ஆட்டம் ரெண்டுக்கு ஒண்ணு இல்லை, ஒண்ணுக்கு ஒண்ணு. அது அவருக்கும் தெரியும். வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறார். தப்பாகச் சொன்னால் அப்பாவுக்குப் பொறுக்காது. பேச்சு நின்றுபோன பிறகும், போர்வைக்கு வெளியே கிடந்த கையின் ஆள்காட்டி விரலைத் தூக்கி 'இல்லை' என்று ஆட்டிவிடுவார். ஆட்டியதும் விசில் மாமாவுக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். "பாத்தியா, ஆளு தெளிவா இருக்கான்" என்று பக்கத்து நாற்காலியில் இருக்கும் தபால் மாமாவின் தொடையில் தட்டுவார்.

இந்தக் கூத்து தினமும் நடந்தது. ஹாக்கி சீசன் நடந்துகொண்டிருந்தால் இரண்டு பேரும் கல்லூரி மைதானமே கதியென்று கிடந்திருப்பார்கள். சீசன் முடிந்துவிட்டது. கோல் கம்பங்களைப் பிடுங்கி ஓரமாகப் போட்டு, புல்லுக்குத் தண்ணீர் விட ஆரம்பித்துவிட்டார்கள். பார்க்க ஆட்டம் இல்லாத மாதங்களில் இவர்களுக்குப் பழைய ஆட்டங்கள்தான் சாப்பாடு. காலையில் வந்து உட்கார்ந்தால், வீட்டிலிருந்து போன் வரும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். மாலையில் மறுபடி அதே நாற்காலி, அதே ஆட்டம்.

மூன்று பேரில் ஒருவர்கூட அந்தக் கல்லூரியில் படித்ததில்லை. அப்பா குடிநீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டர். தபால் மாமா தபால்காரர். விசில் மாமா அச்சகத்தில் வேலை பார்த்தவர். பல்செட் கட்டிய நாளிலிருந்து விசில் அடிக்க வராவிட்டாலும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில், எந்தக் கட்டடத்துக்கு எந்த மெக்கானிக் போக வேண்டும் என்று அனுப்பிவைப்பது அவள் வேலை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் போனில் கத்துவதைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்தவள். அவர்கள்கூட இந்த இரண்டு பேர் அளவுக்குக் கத்துவதில்லை என்று அலுவலகத் தோழியிடம் சொல்லியிருந்தாள்.

"மாமா, டாக்டர் சத்தம் போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"சத்தமாம்மா போடறோம்? பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்."

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அப்பாவோடு கொஞ்ச நேரம் தனியாக இருக்க வேண்டும். கேட்க ஒரு விஷயம் இருந்தது.

மாமாக்கள் ஓயாமல் பேசும் அந்தக் கல்லூரி இறுதி ஆட்டத்தின்போது அவள் இரண்டாம் வகுப்பு. அப்பா அவளையும் கூட்டிப் போயிருந்தார். ஆட்டம் முடிய ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ இருக்கும்போது அவளுக்கு முட்டிக்கொண்டு வந்தது. "கொஞ்சம் அடக்கிக்கோ" என்றார் அப்பா. அடக்க முடியவில்லை. அவளை இழுத்துக்கொண்டு ஓடினார். பார்வையாளர் படிக்கட்டுக்குப் பின்னால் இருந்த கழிவறையில் அவள் உட்கார்ந்திருந்தபோதுதான் மைதானமே இடிந்து விழுந்ததைப்போல அந்த இரைச்சல் வந்தது.  சற்றுப் பொறுத்து அப்பா கதவுக்கு வெளியிலிருந்து, "முடிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டார். வெளியே வந்ததும், "யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

அன்றிலிருந்து, தான் பார்க்காத அந்தக் கடைசி நிமிஷத்து கோலை அப்பாதான் சொல்லிவந்தார். பந்து செண்டர் ஃபார்வர்டின் காலில் பட்டுத்தான் போனது, அது ஃபவுல் என்று தபால் மாமா எப்போதும் முனகுவார். "நான் கோலுக்கு நேர் பின்னால இருந்தேன்டா. கண்ணால பாத்தேன். சுத்தமா ஸ்டிக்குல பட்டுச்சு. இவ அப்ப என் தோள்ல இருந்தா" என்று அப்பா அடித்துச் சொல்லிவிடுவார். அவளும் அந்தப் பொய்க்குச் சாட்சி. கல்யாணமாகிப் போய்த் திரும்பி வந்த பிறகும் சாட்சிதான். ஒரு தடவையாவது, யாரும் இல்லாத நேரத்தில், அவளைப் பார்த்துக் கண்ணடித்திருக்கலாம். அதுகூடக் கிடையாது. 'ஏம்பா, நாம அன்னிக்கு எங்க இருந்தோம்?' என்று ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

"ரெண்டுக்கு ஒண்ணு" என்றார் விசில் மாமா மறுபடி, கொஞ்சம் சத்தமாக.

அவளும் இரண்டு மாமாக்களும் அந்த விரலையே பார்த்தார்கள். விரல் அசையவில்லை. அவள் அப்பாவின் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு கழுத்தில் வைத்தாள். கையை எடுக்கவில்லை.

தபால் மாமா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஒண்ணுக்கு ஒண்ணுடா" என்றார், அப்பாவுக்குப் பதிலாக.

அழுகைக்கு முன்னால் அவளுக்குக் கோபம்தான் வந்தது. கடைசியில் அப்பாவின் காதில் விழுந்தது ஒரு தப்பான ஸ்கோர். அவள் ஒரு வார்த்தை பேச இடம் கொடுக்கவில்லை இவர்கள்.

வெளியூரிலிருந்து அண்ணன் போன் மேல் போன் போட்டான். "நான் வர்றதுக்குள்ள எடுத்துடாதீங்க", "டாக்டர் வந்துட்டாரா?", "வண்டி சொல்லிட்டியா?", "நல்ல வண்டியா பாத்துச் சொல்லு". எல்லாவற்றுக்கும் "ம்" என்றாள். எதிர்வீட்டுப் பெண் வந்து வீட்டைப் பெருக்கிக் கொடுத்தாள். அப்பாவின் தங்கை, அத்தை, வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதுவிட்டு, போர்வையின் சுருக்கங்களை நீவிவிட்டாள். இரண்டு மாமாக்களும் மட்டும் போகவில்லை. கூடத்து மூலையில் உட்கார்ந்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை நாற்காலி போதவில்லை. சொந்தக்காரர்களைவிட மைதானத்துக்காரர்கள் அதிகம். முதலில் தலையைக் குனிந்து உட்கார்ந்தார்கள். பிறகு ஒருவர் மெதுவாக, மழையில் நடந்த ஒரு ஆட்டத்தை எடுத்தார். பந்து சேற்றில் புதைந்து, அதைத் தேடிக்கொண்டிருந்தபோது நடுவரே வழுக்கி விழுந்த கதை. இன்னொருவர், "அது அரையிறுதியில்ல" என்றார். "அரையிறுதிதான்." "கிடையவே கிடையாது." குரல் ஏறியது. யாரோ சிரித்தேவிட்டார்.

"இது சாவு வீடா, ஸ்டேடியமா?" என்றாள் அத்தை, சமையலறையில்.

"நீங்களே போய்க் கேளுங்க அத்தை. நான் கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன்."

வண்டி ஓட்டுநர் இரண்டாவது முறையாகப் படியேறி வந்து, மயானத்தில் குறித்துக்கொடுத்த நேரம் தாண்டினால் வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் இன்னும் வந்து சேரவில்லை. எல்லாரையும் ஒரு வாங்கு வாங்கிவிடுவது என்று அவள் கூடத்துக்கு வந்தாள். அப்போதுதான் வாசலில் நடுவயதைத் தாண்டிய ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். நல்ல உயரம், இப்போது கூன் விழுந்திருந்தது. முழங்காலில் உறை மாட்டியிருந்தார்.

விசில் மாமா துள்ளி எழுந்தார். கூடம் முழுக்க எழுந்து நின்றது. அப்பாவைப் பார்க்க வந்த உறவினர்களுக்குக்கூட இவர்கள் எழுந்து இடம் கொடுத்ததில்லை.

"வாங்க சார். வாங்க. நம்ம நெட்டை சார்தான்ப்பா."

அந்த கோலைப் போட்ட செண்டர் ஃபார்வர்டு. கல்லூரியை விட்டுப் போனவர் எங்கோ டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாராம். எப்படியோ நம்பரைப் பிடித்து வரவழைத்திருக்கிறார்கள். தங்களைவிட வயதில் எவ்வளவோ சின்னவரை 'சார், சார்' என்று அழைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போலக் கை கட்டி நின்றார்கள். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

அவர் அப்பாவின் காலருகே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கொடுத்த நாற்காலியில், வலிக்கிற காலை நீட்டி உட்கார்ந்தார்.

தபால் மாமாவால் தாங்க முடியவில்லை. "சார், தப்பா நெனைக்காதீங்க. அந்த ஃபைனல். கடைசி கோல். பந்து உங்க கால்ல பட்டுச்சா, படலையா?"

"எந்த ஃபைனல்?"

சொன்னார்கள். நாலைந்து பேர் சேர்ந்து சொன்னார்கள். அவர் சங்கடமாகத் தலையைத் தடவினார்.

"ஜெயிச்சது தெரியும். கப்போட எடுத்த போட்டோ வீட்டுல இருக்கு. கோல் எப்படிப் போட்டேன்னு ஞாபகம் இல்லீங்க. அதுக்கு அடுத்த வருஷம் ஒரு பெனால்டியை வெளிய அடிச்சேன். அது நல்லா ஞாபகம் இருக்கு. பந்து வெச்ச இடத்துல புல்லு எப்படி இருந்துச்சுன்னுகூடச் சொல்லுவேன்."

 விசில் மாமாவின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

"கிட்ட இருந்து பாத்தவரு இவருதான்" என்றார் விசில் மாமா, அப்பாவைக் காட்டி. "இவரு இருந்திருந்தா சொல்லியிருப்பாரு."

"இருந்திருந்தா கேட்டிருப்பேங்க" என்றார் வந்தவர். அது வெறும் உபசாரமாகத் தெரியவில்லை. "எனக்கு யாரும் அதைச் சொன்னதே இல்ல."

தபால் மாமா அவள் பக்கம் திரும்பினார். "நீ இருந்தியேம்மா. அப்பா தோள்ல."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். 'நாங்க அங்க இல்ல மாமா' என்பது அவள் நாக்கின் நுனியில் இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் ஒரே நொடியில் எல்லாம் முடிந்துவிடும். இவர்கள் எழுந்து போய்விடுவார்கள். வீடு அமைதியாகிவிடும். அவள் அப்பாவைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, யாராவது தப்பாகச் சொல்லட்டும் என்று காத்திருப்பதைப்போல.

"கடைசி நிமிஷம்" என்றாள்.   "ஒண்ணுக்கு ஒண்ணு. வலது ஓரத்துலேர்ந்து பந்து வருது. வேகமா இல்ல, தத்தித் தத்தி வருது. தரை அப்படி. நீங்க வட்டத்துக்குள்ள, கோலுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கிறீங்க. திருப்பி யாருக்காவது குடுப்பீங்கன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. கோல்கீப்பரும் அப்படித்தான் நெனைச்சுட்டான்."

ஓட்டுநர் மறுபடி வந்து வாசலில் நின்றார். கையால் பொறுக்கச் சொல்லிவிட்டு அவள் தொடர்ந்தாள்.

"பந்து காலுக்கு முன்னால ஒரு குதி குதிக்குது. அதைத்தான் கால்ல பட்டுச்சுங்கறாங்க. படல. தரையில பட்டுக் குதிச்சுது. நீங்க முட்டி போடுறீங்க, இப்படி." அவள் நிஜமாகவே ஒரு முட்டியைத் தரையில் ஊன்றினாள். "ஸ்டிக்கைத் திருப்பிப் பிடிச்சு ஒரே ஒரு தட்டு. கோல்கீப்பர் இந்தப் பக்கம் விழறான், பந்து அந்தப் பக்கம் போகுது. கோலுக்குள்ள இருக்கிற பலகையில 'டொக்'குன்னு ஒரு சத்தம்."

பையோடு உள்ளே நுழைந்த அண்ணன், "என்ன நடக்குது இங்க?" என்றான். அத்தை அவன் கையைப் பிடித்து இழுத்து, "சும்மா இருடா" என்றாள்.

"அப்புறம்?" என்றார் நெட்டை.

அப்பாவின் கோல் 'டொக்'கோடு முடிந்துவிடும். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை. அவள் முட்டியிலிருந்து எழாமலே யோசித்தாள்.

"அப்புறம் எங்கப்பா என்னைத் தோள்ல வெச்சபடியே ஓடுனாரு. கூட்டம் முழுக்க கிரவுண்டுக்குள்ள இருந்துச்சு. உங்க மேல ஒருத்தர் மேல ஒருத்தரா விழுந்து கெடந்தாங்க. கொஞ்சம் தள்ளி உங்க ஷூ ஒண்ணு மட்டும் தனியா கெடந்துச்சு. அதை யாருமே பாக்கல. நான் மேல இருந்ததால எனக்குத் தெரிஞ்சுது."

 அவர் நீட்டியிருந்த காலை மெல்ல மடக்கினார்.

"இடது கால் ஷூ" என்றார். "ஆமா. கிடைக்கவே இல்ல. கப்பைத் தூக்கிக்கிட்டு ஒத்தைக் கால் ஷூவோட வீட்டுக்குப் போனேன். அம்மா கதவைத் திறந்ததும் கப்பைப் பாக்கல, காலைத்தான் பாத்தாங்க. அன்னிக்கு வாங்குன திட்டு இருக்கே." சிரிக்கப் போனவர், அப்பா கிடப்பது கண்ணில் பட்டு நிறுத்திக்கொண்டார். கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டார்.

"படலையாம்டா" என்றார் விசில் மாமா.

"சரி" என்றார் தபால் மாமா. "பாப்பாவே சொல்லிடுச்சு."

வண்டியில் அவளும் ஏறினாள். அண்ணன் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம் என்று அவருக்கே வழி சொல்லிக்கொண்டு வந்தான். பின்னால் அப்பாவின் இரண்டு பக்கமும் மாமாக்கள். அவர்கள் பேசுவார்கள் என்று நினைத்தாள். பேசவில்லை. வண்டி கல்லூரியை ஒட்டிய சாலையில் திரும்பியது. மைதானத்தில் ஆள் இல்லை. தண்ணீர் தெளிக்கும் குழாய் ஒன்று நடுவில் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றும்போது அதன் கடைசி வீச்சு வேலியைத் தாண்டிச் சாலையில் விழுந்தது. வண்டியின் முன்கண்ணாடி நனைந்தது. ஓட்டுநர் வைப்பரை ஒரே ஒரு முறை போட்டு நிறுத்தினார்.