ஏழாவது கேள்விக்கு ஒரு கையெழுத்து

1

இந்தக் கதை பக்தியில் பிறக்கவில்லை, வம்பில் பிறந்தது. எங்கள் பங்குக் கோயில் மாத இதழில் கேள்வி-பதில் பக்கம் எழுதுகிறவன் நான். கடவுள் எங்கே என்பவர்கள், திருச்சபை எதற்கு என்பவர்கள் எல்லோருக்கும் பதில் சொல்வது என் பொறுப்பு. சம்பளம் கிடையாது, மிதப்பு நிறைய உண்டு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த

(அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில். விசுவாசத்துக்காக வாதாடுகிறவன் முதல் வரியிலேயே புளுகக் கூடாது.)

2

எனக்கு ஆசான்கள் அலமாரி நிறைய இருக்கிறார்கள். மனம் திரும்பிய பிறகும் தத்துவவாதியின் மேலாடையைக் கழற்றாமல் வாதாடியவர் ஒருவர். பெரிய நூலுக்குத் திட்டமிட்டு, துண்டுச்சீட்டுகளாகவே விட்டுவிட்டுப் போன கணித மேதை ஒருவர். எனக்கு மிகவும் பிடித்தவர், அதிகம் பேசாத அந்தப் பருத்த துறவி. எதிராளியின் கட்சியை முதலில் எழுதுவார், அவனே இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டான் என்கிற அளவுக்கு. பதிலெல்லாம் அதற்கப்புறம்தான்.

எங்கள் ஃபாதரும் அந்தத் துறவியின் ரசிகர். "ஏழு கேள்வி, ஏழு பதில் எழுதுங்க. ஆனா நம்பிக்கையில்லாத ஒருத்தர் படிச்சுட்டு, 'ஆமா, இதான் என் கேள்வி'ன்னு கையெழுத்துப் போடணும். அப்பதான் அச்சுக்குப் போகும்" என்றார்.

எனக்குத் தெரிந்து அப்படி இருப்பது அத்தான் ஒருவர்தான். அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். ஒன்றரை வருஷமாக எங்கள் வீட்டுப் படியேறாதவர்.

3

காரணம் நான்தான். ஞாயிறு மதியம் எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிடுவது வழக்கம். அன்று சாப்பாட்டுக்கு நடுவே அவரை மடக்கினேன். "டாக்டர் கைவிட்ட அக்கா எப்படிப் பொழைச்சா? நாங்க ஜெபிச்சோம், பொழைச்சா. இதுக்கு என்ன சொல்றீங்க?" அவர் இலையை மூடினார். அவருடைய மகளே கைதட்டினாள். அத்தான் கை கழுவிவிட்டுப் போனவர்தான். அதன்பிறகு அக்காவும் பெண்ணும் மட்டுமே வருகிறார்கள். அக்கா இலையில் பாதி அப்படியே இருக்கிறது.

இந்தக் கதையின் முதல் பிரதியில் அத்தானைக் கோபக்காரராக, உரக்கக் கத்துகிறவராக எழுதியிருந்தேன். ஒரு தட்டு தட்டினால் விழுந்துவிடுகிற ஆளோடு சண்டை போடுவது எனக்குச் சௌகரியம். நிஜ அத்தான் கழற்றிய திருகாணிகளை வரிசை மாறாமல் செய்தித்தாளில் அடுக்கி வைக்கிறவர்.

[இந்தக் கதைக்கும் அவர் கையெழுத்து வேண்டும் என்று கொடுத்திருந்தேன். ஓரத்தில் பென்சிலில் அத்தான்: கத்துனதே இல்லைன்னு சொல்ல முடியாது. உங்கக்காவைக் கேளு.]

4

அத்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்த கட்டடத்தின் மொட்டை மாடிக்கு, லிஃப்ட் மோட்டார் அறைக்கே போனேன். கை துடைத்துக்கொண்டு, நான் எழுதிய ஏழு கேள்வித் தாளை வாங்கினார். டார்ச் அடித்துப் படித்தார்.

"இதெல்லாம் நான் கேட்டதா மாப்ளே? நீ பதில் சொல்றதுக்கு வசதியா நீயே கேட்டுக்கிட்டது."

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அந்த 'மாப்ளே'. எழுதி வைத்திருந்த மன்னிப்பு மறந்துபோய், "அப்ப நீங்களே திருத்துங்க அத்தான்" என்றேன்.

நான்கு வாரம் திருத்தினார். ஆறு கேள்விக்குக் கையெழுத்துப் போட்டார். ஏழாவதை முழுவதும் அடித்துவிட்டு, அவரே எழுதினார்: 'ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவுக்காகவும் ஜெபித்தார்கள். அவர் இறந்துவிட்டார். அவர் கணவரிடம் என்ன சொல்வாய்?'

"இத அன்னைக்கே கேட்டிருக்கலாமே?"

"எப்படிக் கேக்குறது? பொண்ணு எதிர்ல உக்காந்திருந்தா. அம்மா பொழைச்சதுல அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்."

நான் ஜெயித்ததாக ஒன்றரை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

5

முடிவுகள், வரைவு:

அ) அத்தான் மனம் மாறி, முதல் வரிசையில் முழங்காலிட்டு

[அத்தான்: டேய்.]

ஆ) நான் விசுவாசத்தை இழந்து, அலமாரியைப் பழைய பேப்பர்காரருக்குப்

[அக்கா, பேனாவில்: ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது.]

6

நடந்தது இது. அலமாரி முழுவதையும் புரட்டினேன். பதில்கள் இருந்தன, நல்ல பதில்கள்கூட. ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்கிற மாதிரி ஒன்றும் அகப்படவில்லை. ஏழாவது கேள்விக்குக் கீழே 'எனக்குத் தெரியாது. ஆனாலும் நம்புகிறேன்' என்று எழுதிக் கொடுத்தேன். ஃபாதர் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அச்சிட்டார்.

இதழ் வந்த ஞாயிறு காலை, வாசலில் பைக் ஹாரன். அத்தான்.

"ஏறு. ஒருத்தரைப் பாக்கணும்."

நான்காவது மாடியில் ஒரு வீடு. கதவைத் திறந்த பெரியவர் அத்தானைப் பார்த்ததுமே, "இன்னைக்காவது சீட்டுக்கட்டு கொண்டாந்தியா, இல்ல வெறுங்கையா?" என்றார். பக்கத்துக் கட்டில் அம்மாவின் கணவர். அக்கா பிழைத்ததற்குக் கோயிலில் நன்றித் திருப்பலி கொடுத்துவிட்டு, நாங்கள் மறந்தேபோன மனிதர். அத்தான் மாதாமாதம் வந்து அவரோடு சீட்டாடியிருக்கிறார், அக்காவுக்கும் சொல்லாமல்.

[அத்தான்: இத எடுத்துடு. அக்கா: எடுக்காதே.]

பெரியவர், அத்தான் நீட்டிய புதுக் கட்டைக் கலைத்தபடியே கேட்டார். "பதில் எழுதுற தம்பி நீங்கதானா? எனக்கு என்ன பதில்?"

"தெரியலைங்க ஐயா."

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "அப்ப உக்காருங்க. மூணு பேர் இருந்தாத்தான் ஆட்டம் களைகட்டும்."

மூன்று ஆட்டம் தோற்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வாதத்திலும் ஜெயித்ததில்லை. படியிறங்கும்போது அத்தான், என்னைப் பார்க்காமல், "உங்க வீட்ல இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்டார்.

அதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. என்ன சமையல் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இலை மட்டும் ஒன்று கூடுதலாகப் போடுங்கள்.